"எல்லாமே பொய்தானேம்மா"

கேள்வி:

ஐயாவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. சாட்ஸ்வொர்த்தில் மாமனார், மாமியாரோடு கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மூத்த மகனுக்குப் பதினாறு வயது. மாமனார் காலையில் ரேடியோவில் செய்தி கேட்ட பிறகுதான் டீயே குடிப்பார். வாரப் பத்திரிகையை மரண அறிவிப்பு வரைக்கும் விடாமல் படிப்பார். மகனோ டிவியில் செய்தி ஓடினால் எழுந்து போய்விடுவான். கேட்டால், "டிக்டாக்கில் பார்த்தாச்சும்மா" என்பான்.

போன மாதம் பெருமழை பெய்தபோது, அணை உடைந்துவிட்டது என்று ஒரு வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். என் நாத்தனார் பதறிப்போய், வேலையை விட்டு ஓடி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிவந்தார். அப்புறம் பார்த்தால் அது வேறு ஏதோ தேசத்தில் எப்போதோ எடுத்தது. ஆளாளுக்குக் குரூப்பிலேயே அவனைத் திட்டினார்கள். அன்றிலிருந்து எந்தச் செய்தியைச் சொன்னாலும், "அதுவும் பொய்தானேம்மா, தாத்தா படிக்கிற பேப்பரும் பொய்தான், எல்லாமே பொய்தானேம்மா" என்கிறான். போனைப் பிடுங்கி வைக்கலாம் என்கிறார் கணவர். தினமும் பேப்பர் படிக்க வையுங்கள் என்கிறார் மாமனார். குடும்பக் குரூப்பிலிருந்தாவது அவனை எடுத்துவிடட்டுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம், சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. சரிபார்க்காமல் வீடியோவை அனுப்பியது ஒன்று. திட்டு வாங்கிய பிறகு எல்லாமே பொய் என்று மகன் முடிவுகட்டியது இன்னொன்று. வீட்டில் எல்லோரும் முதலாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கவலையாக இருப்பது இரண்டாவதுதான்.

ரேடியோவிலும் பத்திரிகையிலும் இருபது வருடத்துக்கு மேல் செய்தி வேலை பார்த்துவிட்டு, இப்போது டர்பன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் செய்தியை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்து வருகிறேன். கண்டதையெல்லாம் நம்பும் பிள்ளையைத் திருத்துவது எளிது. ஒரு தடவை ஏமாந்ததைக் காட்டினால் அடுத்த தடவை யோசிப்பான். எதையும் நம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட பிள்ளையிடம் பேசுவதுதான் கஷ்டம். அவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்கிறான். எல்லாம் பொய் என்றால் தேடிப் பார்க்கும் வேலையும் இல்லை. மனசுக்குப் பிடித்ததை நம்பிக்கொள்ளலாம், பிடிக்காததைத் தள்ளிவிடலாம். ஊரை ஏமாற்ற நினைப்பவர்களுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் ரொம்ப வசதி.

இன்று இரவு சாப்பிடும்போது அவனிடம் இரண்டு செய்தியைச் சொல்லி, எது நிஜம் என்று கேட்டுப் பாருங்கள். முதலாவது: டோங்காட்டில் வெள்ளம் வந்தபோது ஒரு பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துப் போய்விட்டன. இரண்டாவது: கௌடெங்கில் ஒரு தாய்க்கு ஒரே பிரசவத்தில் பத்துக் குழந்தைகள் பிறந்தன, பத்திரிகையிலேயே வந்தது.

நான் வகுப்பில் கேட்கும்போது, முதலைக் கதைதான் பொய் என்று நிறையக் கைகள் உயரும். டிக்டாக்கில் யாரோ கட்டிவிட்டது போலத்தானே இருக்கிறது? ஆனால் அது நிஜம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் அடித்துப்போட்ட அந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதுதான் டோங்காட் பக்கத்து முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியேறின. மாகாண வனவிலங்குத் துறையே மக்களை எச்சரித்து, ஆட்களை அனுப்பிப் பிடித்தது. பத்துக் குழந்தைகள் செய்தி 2021 ஜூனில் வந்தது. ப்ரிட்டோரியாப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது, உலகம் முழுக்கப் பரவியது. கௌடெங் மாகாண அரசு தன் ஆஸ்பத்திரிகளை எல்லாம் விசாரித்துவிட்டு, அப்படி ஒரு பிரசவம் எங்கேயும் நடக்கவில்லை என்று அறிவித்தது. மற்றப் பத்திரிகைக்காரர்களும் தேடிப் பார்த்தார்கள். குழந்தைகளைப் பார்த்தவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை.

ஆக, தாத்தா படிக்கிற பேப்பரும் தப்புச் செய்யும் என்று உங்கள் மகன் சொன்னால், "ஆமாம், செய்யும்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும். ஒத்துக்கொண்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "சரி, அது பொய் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?" யாரோ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள், பதிவேட்டைக் கேட்டார்கள், கேட்டதைப் பெயர் போட்டு எழுதினார்கள். பத்துக் குழந்தைகள் பொய் என்றும் முதலைகள் நிஜம் என்றும் நமக்குத் தெரிந்தது ஒரே வழியில்தான். எல்லாம் பொய் என்றால் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தார்கள் என்று அவனே சொல்லட்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். விடை உடனே வராவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து அவனே வருவான்.

அடுத்ததாக, நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அவனுக்கு எந்த டேட்டா வாங்கிக் கொடுக்கிறீர்கள்? வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்று மலிவாக விற்கிறார்களே, அதுவா? எங்கள் நாட்டுப் பிள்ளைகளின் செய்திப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. இங்கே டேட்டா விலை அநியாயம் என்று 2016-லேயே பெரிய கிளர்ச்சி நடந்தது. வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையம் விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்த பிறகுதான், மாதத்துக்கு ஒரு ஜிபியை 149 ராண்டுக்கு விற்ற வோடாகாம் என்ற போன் கம்பெனி 2020 ஏப்ரலில் 99 ராண்டாகக் குறைத்தது. அப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது பெரிய காசுதான். வாட்ஸ்அப் பண்டில் மட்டும் வைத்திருப்பவனுக்கு ஒரு செய்தியின் தலைப்பு வரும், படம் வரும், குரல் பதிவு வரும். கூடவே வரும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. சரிபார்க்க மனசிருந்தாலும் கையில் வழியில்லை. வந்ததை அப்படியே தள்ளிவிடுவது மட்டும் இலவசம்.

உங்கள் மகன் வீடியோவை வீட்டு வைஃபையில் இருந்தபடி அனுப்பினானா, பள்ளிக்கூடத்திலிருந்தா என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து என்றால் கொஞ்சம் சாதாரண டேட்டாவும் போட்டுக் கொடுங்கள். போனைப் பிடுங்குவதைவிட அது பலன் தரும். கூடவே ஒரு கட்டுப்பாடு: திறந்து பார்க்க முடியாததை யாருக்கும் அனுப்பக் கூடாது, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அனுப்பலாம். அந்த நாலு மணி நேரத்தில் பாதிப் பொய்கள் தானாக வெளுத்துவிடும்.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சுலபமாகச் சொல்ல வரும் விஷயமில்லை.

2021 ஜூலையில் நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதையொட்டிக் கலவரம் வெடித்து, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் கௌடெங்கிலும் 350-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடைகள் எரிந்தன, ரொட்டிக்கும் பாலுக்கும் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றோம். போலீஸ் கண்ணில் படவில்லை. நம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஆம்பிளைகள் தெருமுனையில் மரத்தையும் டயரையும் போட்டுக் காவல் நின்றார்கள். அந்த இரவுகளில் ஒரு குரல் பதிவு எனக்கு நாலு பேரிடமிருந்து வந்தது. ஒரு ஆள் மூச்சு வாங்கப் பேசுகிறார். பின்னால் நாய் குரைக்கிறது. பஸ் பஸ்ஸாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், இன்னும் அரை மணி நேரத்தில் இங்கே இருப்பார்கள், யாரும் தூங்காதீர்கள் என்கிறார்.

இப்போது யோசித்தால் அதில் எத்தனை ஓட்டை என்று தெரிகிறது. பேசுகிறவர் பெயர் சொல்லவில்லை. 'இங்கே' என்றால் எந்த இடம்? பஸ்ஸை அவரே பார்த்தாரா, யாராவது சொன்னார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அரை மணி நேரம். அது எப்போது ஆரம்பித்த அரை மணி நேரம்? திங்கட்கிழமை ராத்திரி வந்த பதிவு புதன்கிழமை ராத்திரியும் சுற்றிக்கொண்டிருந்தது. புதன்கிழமை கேட்டவருக்கும் அவர்கள் அரை மணி நேரத்தில் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒருவரிடம் விசாரித்துவிட எனக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். போன் நம்பர்கள் கையிலேயே இருந்தன. கேட்கவில்லை. ஃபீனிக்ஸில் இருக்கும் என் தங்கைக்கு, 'ஜாக்கிரதையாக இரு' என்று எழுதி அந்தப் பதிவை அனுப்பிவிட்டேன். அவள் தன் தெருக் குரூப்புக்கு அனுப்பினாள். அவளுடைய மகன் அன்று ராத்திரி தெருமுனையில் நின்றான். அந்த வாரத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. எல்லாம் அந்தப் பதிவால் நடந்தது என்று சொல்லமாட்டேன். பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை, கடைகள் எரிந்தது நிஜம். ஆனால் தடுப்புகளில் நின்றவர்களின் கையிலும் அந்த மாதிரிப் பதிவுகள்தான் இருந்தன. அதில் ஒன்றை நானும் ஒரு தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன். செய்தி வேலையே பார்த்துப் பிழைத்த நான்.

இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். வயதானவர்கள், படித்தவர்கள், இதே தொழிலில் இருந்தவர்களும் பயந்தால் இதைத்தான் செய்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியட்டும். அவன் அணை வீடியோவை அனுப்பியதும் விளையாட்டுக்காக இருக்காது. வெள்ளம் வந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. அத்தை வீடு நினைவுக்கு வந்திருக்கும். அன்பினால்தான் அனுப்பியிருப்பான். அதை யாராவது அவனிடம் சொன்னீர்களா?

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். அழித்துவிடவில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து மறுபடி போடுங்கள். கணவரையும் கூப்பிடுங்கள். சத்தத்தை நிறுத்திவிடுங்கள், பயமுறுத்துவதில் பாதி அந்தச் சத்தம்தான். ஓடவிட்டு ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். வண்டிகள் சாலையில் எந்தப் பக்கம் ஓடுகின்றன? வலப்பக்கமாக ஓடினால் நம் நாடே இல்லை. நம்பர் பிளேட் தெரிகிறதா? டர்பன் வண்டி என்றால் பழைய பிளேட்டில் 'என்டி' என்று தொடங்கும், 2023 கடைசியிலிருந்து வரும் புதிய பிளேட்டில் 'இசட்என்' என்று முடியும். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது? மரம், மின்கம்பம், போலீஸ் உடுப்பு? பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். என் வகுப்பில் ஒரு மாணவி, கரையில் நின்றவர்கள் கனத்த கம்பளிக் கோட்டு போட்டிருப்பதை வைத்தே, இது டர்பன் ஏப்ரல் மாதம் இல்லை என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தெளிவாக இருக்கும் ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடச் சொல்லுங்கள். பழைய வீடியோ என்றால் இரண்டு நிமிஷத்தில் அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். தெரியாமலும் போகலாம். அதனால் அதைவிட முக்கியமான ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: இது நடந்திருந்தால் முதலில் யாருக்குத் தெரிந்திருக்கும்? நம் பக்கத்து இனாண்டா அணை உடைந்தால் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சிக்குத் தெரியும், குடிநீர் வாரியத்துக்குத் தெரியும், ரேடியோ பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லும். உலகத்தில் யாருக்கும் தெரியாமல் பெயரில்லாத ஒரு டிக்டாக் கணக்குக்கு மட்டும் தெரிந்திருக்குமா? மழை என்றால் வானிலை நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்க்கலாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறமும், கூடவே பத்து வரை ஒரு எண்ணும் போடுவார்கள். 'கடும் எச்சரிக்கை' என்று மட்டும் எழுதி, நிறமும் எண்ணும் தேதியும் இல்லாமல் வந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வீடியோவுக்குள்ளேயே எவ்வளவு நேரம் உற்றுப்பார்த்தாலும் ஓரளவுக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் என்று மூன்று வகை ஆட்களிடம் சில வலைத்தளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ் கவனமாகப் படித்தார்கள். அதன் அழகையும் முத்திரையையும் பார்த்து ஏமாந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். சரிபார்ப்பவர்கள் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்து குணத்தை விசாரிப்பார்களா? பக்கத்துத் தெருவில்தானே விசாரிப்போம். அதே வேலைதான். நம் நாட்டில் அப்படி விசாரித்துச் சொல்வதற்கென்றே ஆஃப்ரிக்கா செக் என்ற அமைப்பு 2012 முதல் இருக்கிறது. சந்தேகமான வாட்ஸ்அப் செய்திகளை மக்களிடமிருந்து வாங்கி, விசாரித்த முடிவை வாட்ஸ்அப் குரல் பதிவாகவே திருப்பி அனுப்பும் நிகழ்ச்சியும் நடத்தினார்கள். பொய் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் மெய்யையும் அனுப்ப வேண்டும் என்று யோசித்தவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாமனார் சொல்வது போலப் பேப்பரைக் கட்டாயமாகப் படிக்க வைக்க வேண்டாம். தாத்தாவுக்கு அது அறுபது வருடப் பழக்கம். பேரனுக்கு அது தண்டனையாகிவிடும். அவன் இருக்கும் இடத்துக்கே செய்தியைக் கொண்டுபோகலாம். எஸ்ஏபிசி, ஈஎன்சிஏ, நியூஸ்24, டெய்லி மேவரிக் என்று செய்தி நிறுவனக்காரர்கள் எல்லோரும் டிக்டாக்கிலும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரைப் பின்தொடரச் சொல்லுங்கள். டிக்டாக் ஒருவர் எதில் அதிக நேரம் நிற்கிறாரோ அதையே மறுபடி மறுபடி கொண்டுவரும். அலறும் வீடியோவில் நின்றால் அலறல்தான் வரும். பத்து நாள் வேறு மாதிரிப் பார்த்தால் வேறு மாதிரி வர ஆரம்பிக்கும் என்பதை அவனே சோதித்துப் பார்க்கட்டும். ஆனால் நாற்பது விநாடியில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வாரத்துக்கு ஒரு நீளமான கட்டுரையாவது படிக்கவேண்டும். கிரவுண்ட்அப் என்ற தளத்தில் காசு கட்டாமல் படிக்கலாம். வீட்டுவசதி, பள்ளிக்கூடக் கழிப்பறை, ரயில் என்று சாதாரண ஜனங்களின் கஷ்டத்தைத்தான் அதிகம் எழுதுகிறார்கள்.

எல்லாம் பொய் என்கிற பிள்ளைக்கு, ஜூமாவோடு நெருக்கமாக இருந்து அரசுப் பணத்தில் கொழுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் மின்னஞ்சல்கள் கதையையும் சொல்லலாம். 2017-இல் அமாபுங்கானே என்ற புலனாய்வுப் பத்திரிகையாளர் குழுவும் டெய்லி மேவரிக்கும் சேர்ந்து அந்த மின்னஞ்சல்களை மாதக்கணக்கில் படித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வெளியிட்டார்கள். அதே காலத்தில் குப்தா குடும்பத்துக்காக வேலை பார்த்த லண்டன் மக்கள் தொடர்பு நிறுவனமான பெல் பாட்டிங்கர், இன வெறுப்பைக் கிளறியதாக அம்பலப்பட்டு 2017 செப்டம்பரில் இழுத்து மூடப்பட்டது. அந்தப் பிரசாரத்தைச் சமூக ஊடகங்களில் பரப்பியதில் போலிக் கணக்குகள் ஏராளம். அமாபுங்கானே என்றால் ஜூலு மொழியில் சாணி வண்டுகள். சாணியைத் தோண்டுகிற வேலை என்று அவர்களே வைத்துக்கொண்ட பெயர். பள்ளிக்கூடத்தில் ஜூலு படிக்கிறான் என்றால் அவனுக்கே அர்த்தம் தெரிந்திருக்கும்.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் தமிழ் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். இங்கே பிறந்த நம் பெரியவர்களுக்குத் தேவாரமும் காவடிப் பாட்டும் வாயில் வரும், தமிழ்ச் செய்தியைப் படிக்க வராது. ஊரிலிருந்து சித்தியும் பெரியம்மாவும் அனுப்பும் தமிழ்ச் செய்திகளை, கொரோனா காலத்துக் கஷாயத்திலிருந்து 'இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்' வரைக்கும், வீட்டாருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர் நீங்களாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்னால் அவர்களால் சரிபார்க்கவே முடியாது. அப்படி வந்ததில் ஒன்றை எடுத்து, மகனிடம் வாசித்துக் காட்டி, "இதை எப்படிடா சரிபார்க்கிறது? எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். நீங்கள் நம்பி அனுப்பிய ஒன்று பொய்யாக இருந்தால் அதையும் அவன் கண்டுபிடிக்கட்டும். அம்மா ஏமாந்ததை அம்மாவே சொல்லும் வீட்டில் பிள்ளை தன் தப்பை மறைக்க மாட்டான்.

மாமனாருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. எஸ்ஏபிசி செய்தி வாசிப்பாளர்களின் முகத்தையும் குரலையும் அப்படியே போலியாகச் செய்து, இதில் பணம் போடுங்கள் என்று அவர்கள் சொல்வது போன்ற வீடியோக்கள் 2023-இல் சுற்றின. டிவியில் தெரிந்த முகம் என்று நம்பும் தலைமுறைக்குத்தான் அந்த வலை. பென்ஷன் பணம் வைத்திருக்கும் தாத்தாவுக்கு இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பைப் பேரனிடம் கொடுங்கள். போலியாகச் செய்வது எவ்வளவு சுலபம் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். பதிலுக்குத் தாத்தா அந்த வாரப் பத்திரிகையில் ஒரு செய்தியைக் காட்டி, இதை எழுதியவர் யாரிடமெல்லாம் பேசியிருக்கிறார், எதிர்த்தரப்பைக் கேட்டாரா என்று அவனோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கட்டும். சில செய்தியில் ஐந்து பேர் இருப்பார்கள், சிலதில் ஒருவரும் இருக்கமாட்டார். பிரஸ் கவுன்சிலில் இருக்கும் பத்திரிகை தப்பாக எழுதியிருந்தால், இருபது வேலை நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் புகார் கொடுக்கலாம் என்பதும் இருவருக்கும் தெரியட்டும். டிக்டாக்கில் பெயரில்லாத ஆள்மீது எங்கே போய் அப்படிப் புகார் கொடுப்பது?

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. 2021 டிசம்பர் முதல் அமலில் இருக்கும் சைபர் குற்றச் சட்டப்படி, வன்முறையையோ சொத்துக்குச் சேதத்தையோ தூண்டும் செய்தியை அனுப்புவதும், ஒருவரை மிரட்டி அனுப்புவதும், ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதும் குற்றம். அணை வீடியோ இதில் சேராது, பயப்பட வேண்டாம். ஆனால் 2021-ஐப் போல ஒரு இரவு மறுபடி வந்தால் நினைவிருக்க வேண்டும்.

போனைப் பிடுங்குவது பற்றிக் கணவரிடம் பொறுமையாகப் பேசுங்கள். பிடுங்கினால் நண்பனின் போனில் பார்ப்பான். அப்போது என்ன பார்த்தான் என்று உங்களிடம் சொல்லமாட்டான். இப்போது அவன் உங்களிடம் "எல்லாமே பொய்தானேம்மா" என்றாவது சொல்கிறான் இல்லையா? அந்தப் பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் குரூப்பிலிருந்தும் எடுக்க வேண்டாம். ஆனால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. எல்லோரும் திட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் திருத்தம் போட்டானா என்று எழுதவில்லை. இந்தப் பதிலை எழுதும்போது நான் என் தங்கையை நினைத்துக்கொண்டேன். அந்தப் பதிவு தப்பு என்று அவளிடம் நான் சொல்லவே மூன்று வாரமாகிவிட்டது. அவள் தன் தெருக் குரூப்பில் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. உங்கள் மகனுக்கு அப்படி ஆக வேண்டாம். அவனை எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி: "அத்தை, நான் அனுப்பிய அணை வீடியோ இங்கே எடுத்தது இல்லை. பார்க்காமல் அனுப்பிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்." அவன் அதைப் போடுவதற்கு முன்னால் நாத்தனாருக்கு ஒரு போன் போட்டு, திட்டாமல் நல்லவிதமாக ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள்.